சென்னை 07 ஓடுபாதை, மழைக்காலக் காலை: ஓவர்காஸ்ட் (வானம் முழுக்க மூடிய) மேகம் நம்பும்படி வரமாட்டேன் என்கிறது

குரோம்பேட்டை_கேப்டன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் எக்ஸ்-ப்ளேன் 12 என்ற விமான சிமுலேட்டர் (சுருக்கமாகச் சிம்) ஓட்டுகிறேன். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-உம் (எம்எஸ்எஃப்எஸ்) இருக்கிறது. அதிகம் ஓட்டுவது ஏ320 தான்.

நான் கேட்பது ஒரே ஒரு காட்சியைப் பற்றி. நவம்பர் மாதம், வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட ஒரு காலை, ஏழு ஏழரை மணி, சென்னையில் 07 ஓடுபாதைக்கு ஐஎல்எஸ் (ரேடியோ வழிகாட்டலில் இறங்குவது). அந்த நேரத்து வானம் எப்படி இருக்கும் என்று எங்கள் மொட்டை மாடியில் நின்றே பார்த்திருக்கிறேன். சத்தம் தலைக்கு மேல் போகும், விமானம் கண்ணில் படாது. மேகம் எங்கே ஆரம்பிக்கிறது, மழை எங்கே முடிகிறது என்று சொல்லவே முடியாது. எல்லாம் ஒரே சாம்பல்.

சிமில் அது வருவதில்லை. கவரேஜை (மேகம் வானத்தை மூடும் அளவை) 100-க்குத் தள்ளினால் பஞ்சை அடுக்கிவைத்தது போல உருண்டை உருண்டையாக மேகம் வருகிறது. அதற்குக் கீழே இறங்கிவிட்டால் ஊர் முழுக்கத் துல்லியமாகத் தெரிகிறது, கடற்கரை வரைக்கும். மழை பெய்துகொண்டிருக்கிறது, ஆனாலும் தெரிகிறது. சரி, விசிபிலிட்டியை (பார்வைத் தூரத்தை) குறைக்கலாம் என்று போனால் எல்லாம் ஒரே வெள்ளையாகி, பாலுக்குள் உட்கார வைத்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் எதுவும் கிடைக்கவில்லை.

இப்போது வைத்திருப்பது இதுதான்: ஒரே மேக அடுக்கு, அடிப்பகுதி 300 அடி, உச்சி 2,500 அடி, கவரேஜ் 100, நடுத்தர மழை, விசிபிலிட்டி 800 மீட்டர். வானிலை ஆட்-ஆன் ஏதாவது காசு கொடுத்து வாங்கினால் சரியாகுமா? என்னுடையது 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, அதுதான் காரணமா? இன்னொரு விசித்திரம்: இதே அமைப்பை இரவில் ஓட்டினால் நன்றாகவே இருக்கிறது. பகலில்தான் பொம்மை மாதிரி தெரிகிறது.


ரெட்ஐ_ரவி எழுதியது:

இவ்வளவு எதற்கு? லைவ் வெதரை (அந்த நேரத்து நிஜ வானிலையை) போட்டுவிட்டு, மழை பெய்கிற நாளில் பறந்துவிடுங்கள். எக்ஸ்-ப்ளேன் 12 அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் வானிலை மாடலையும் மெட்டாரையும் (விமான நிலைய வானிலை அறிக்கை) சேர்த்து எடுத்துக்கொள்கிறது. எம்எஸ்எஃப்எஸ் மீட்டியோப்ளூ தரவை எடுக்கிறது. அவர்கள் வேலையை அவர்கள் பார்க்கட்டும்.

ஒன்று மட்டும் கவனம். மெட்டாரில் இருப்பது உலக நேரம். காலை ஏழு மணி வானிலை வேண்டுமென்றால் 0130-ஐப் பார்க்க வேண்டும். 0700 என்று போட்டிருப்பதை எடுத்தால் பகல் பன்னிரண்டரை மணி வானிலைதான் கிடைக்கும்.


ஐஓஎஸ்_ஆபரேட்டர் எழுதியது:

ரவி சொல்வது சரிதான். ஆனால் ஏப்ரல் மாதத்தில் நவம்பர் வானம் வேண்டுமென்றால் லைவ் வெதர் உதவாது. தவிர, மாடல் தருவது பெரிய கட்டங்களின் சராசரி. ஒரு ஓடுபாதையின் முனையில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

தம்பி, ஆட்-ஆன் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். கார்டு மேலும் பழி போடாதீர்கள். நீங்கள் போட்டிருக்கும் வானிலையே சென்னை வானிலை இல்லை.

300 அடியில் மூடிய மேகமும் 800 மீட்டர் விசிபிலிட்டியும் குளிர்காலத்தில் லண்டன், ஆம்ஸ்டர்டாம் பக்கம் வருகிற சமாசாரம். சென்னையில் மழை நாள் மெட்டாரை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இந்த வடிவத்தில் இருக்கும்: காற்று 030 பாகையிலிருந்து 12 நாட், விசிபிலிட்டி 2000 மீட்டர், மழை, 800 அடியில் ஸ்கேட்டர்ட், 1,500-இல் புரோக்கன், 2,500-இல் கொஞ்சம் சிபி (இடிமேகம்), 8,000-இல் ஓவர்காஸ்ட், வெப்பம் 24, டியூ பாயிண்ட் (ஈரம் பனியாக மாறும் வெப்பநிலை) 23, அழுத்தம் 1008. அந்த ஓவர்காஸ்ட் எங்கே உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். எட்டாயிரம் அடியில்! வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்தால் எட்டையும் மூடுவது அதுதான். கீழே ஓடுகிற ஸ்கேட்டர்ட் மூன்று நான்கு பங்கு, புரோக்கன் ஐந்திலிருந்து ஏழு பங்கு.

வெளிச்சத்தைக் குடிப்பது அந்த மேல் அடுக்கு. 800 அடியில் இருப்பது கிழிசல் மேகம். மழை விழுந்து ஈரமான காற்றில் உருவாகி, காற்றோடு ஓடிக்கொண்டே இருக்கும், நிலையாக ஒரு கூரை கிடையாது. முன்னால் பார்வையை மறைப்பது இந்த இரண்டுமே இல்லை, மழைதான். மூன்று பேர் பார்க்கிற வேலையை நீங்கள் ஒரே மேகத்தின் தலையில் கட்டியிருக்கிறீர்கள். அது பாவம், பஞ்சாகத்தான் நிற்கும்.

எக்ஸ்-ப்ளேன் 12-இல் கையால் அமைக்கும் பக்கத்தில் மூன்று அடுக்கு தருகிறார்கள். போதும். மேல் அடுக்கு ஸ்ட்ராட்டஸ் (தட்டையாகப் பரவிய மேகம்), 8,000-இலிருந்து 20,000 வரை, முழுக் கவரேஜ். நடு அடுக்கும் ஸ்ட்ராட்டஸ், 1,500-இலிருந்து 4,500 வரை, புரோக்கன். கீழே 700-இலிருந்து 1,100 வரை மெல்லிதாக ஒரு ஸ்கேட்டர்ட், இதற்கு மட்டும் க்யூமுலஸ் வகை. உருண்டையாக இருந்தாலும் பரவாயில்லை, இது கிழிந்து தெரிய வேண்டியதுதான். விசிபிலிட்டி 2,500 மீட்டர், காற்று 030-இல் 12 நாட், மழை நடுத்தரம். எம்எஸ்எஃப்எஸ் என்றால் இதே உயரங்களை வைத்து, மேல் அடுக்கில் டென்சிட்டியைக் கூட்டி ஸ்கேட்டரை (சிதறலை) குறையுங்கள். அதில் விசிபிலிட்டி என்று தனி ஸ்லைடர் கிடையாது, ஏரோசால் டென்சிட்டிதான் (காற்றில் உள்ள தூசி, புகையின் அடர்த்தி). அது மீட்டர் கணக்கில் எதுவும் சொல்லாது. கண்ணால்தான் அளக்க வேண்டும்.

முதலில் ஒரு சோதனை. 07 முனையில் விமானத்தை நிறுத்திவிட்டு வெளிக் கேமராவுக்குப் போங்கள். இறக்கையின் நிழல் தரையில் விழுகிறதா? விழுந்தால் மேல் அடுக்கு போதாது, இன்னும் தடிமனாக்குங்கள். நல்ல மழை மேகம் இரண்டு மூன்று கிலோமீட்டர் கனம் இருக்கும். அதற்குள் புகுந்து வரும் வெளிச்சத்துக்குத் திசையே இருக்காது. உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் என்றால், சாதாரண மூட்டத்துக்குக் கீழே பத்தாயிரம் சுமாருக்கு இறங்கிவிடும். கறுத்த மழை மேகமென்றால் ஓரிரு ஆயிரம்தான். உங்கள் 2,500 அடி உச்சி மேகத்துக்கு மேலே நீல வானமும் சூரியனும் இருக்கிறது. அந்த வெளிச்சம் ஒழுகி வருவதால்தான் பகலில் பொம்மை மாதிரி தெரிகிறது. மேகத்தின் வடிவத்தைத் திருத்துவதற்கு முன்னால் வெளிச்சத்தைத் திருத்த வேண்டும். நிழல் போய்விட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் விசிபிலிட்டி. ஸ்லைடரில் 2,500 என்று இருந்தால் 2,500 மீட்டரில் ஒரு சுவர் எழும்பி நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தத் தூரத்தில் ஒரு கறுப்புப் பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு கிட்டத்தட்ட 5 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது, அவ்வளவுதான். பாதித் தூரத்திலேயே அது 22 சதவீதமாகிவிடும். அதாவது 1,250 மீட்டரில் இருப்பது ஏற்கெனவே வெளிறித்தான் இருக்க வேண்டும். கண்ணுக்கு எதிரே துல்லியம், ஒரு கோட்டுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை என்று உங்கள் சிம் காட்டினால் எங்கோ அமைப்பில் கோளாறு.

சென்னையில் அளக்க வசதியான அடையாளம் பரங்கிமலை. 07 முனையிலிருந்து பார்த்தால் முன்னால் இடது பக்கம், நான்கு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. 2,500 மீட்டரில் அது தெரியவே கூடாது. ஓடுபாதையே 3.6 கிலோமீட்டர் நீளம் என்பதால் அந்தக் கடைசி முனையும் தெரியக் கூடாது. இரண்டும் மறைந்து, வலது பக்கம் பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளில் கிட்டத்தில் உள்ளது மட்டும் நிழலாகத் தெரிந்தால் நீங்கள் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். நிலையத்தில் வானிலை பதிபவர்களும் இப்படித்தான், தூரம் தெரிந்த கட்டடம், கோபுரம், குன்று என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள்.

இன்னும் கீழே, ஆயிரம் மீட்டருக்குள் போக வேண்டுமென்றால் மலை உதவாது. விளக்கை எண்ணுங்கள். ஓடுபாதை ஓர விளக்குகள் 60 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் இருக்க வேண்டும் என்பது விதி, சிமில் பெரும்பாலும் அந்த 60-தான். முனையில் நின்று ஒரு பக்கத்து விளக்குகளை எண்ணி 60-ஆல் பெருக்குங்கள். ஒன்பது தெரிந்தால் 540 மீட்டர். கருவி இல்லாத இடங்களில் ஆர்விஆர் (ஓடுபாதையில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்ற அளவு) எடுக்க ஓர் ஆளை ஓடுபாதை ஓரம் நிறுத்தி இதையேதான் செய்யச் சொன்னார்கள்.

நான் முன்பு ஒரு பயிற்சி நிலையத்தில் ஃபுல் ஃப்ளைட் சிமுலேட்டர் பராமரிப்பில் இருந்தேன். அங்கே காட்சி சரியாக இருக்கிறதா என்று யாரும் "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. தரச் சோதனையில் விமானத்தைக் கிளைட்ஸ்லோப்பில் (இறங்கும் சரிவுப் பாதையில்), சக்கரம் தரையிலிருந்து 100 அடி உயரத்தில் நிறுத்திவைத்து, ஆர்விஆர் 350 மீட்டர் என்று போட்டு, விமானியின் கண்ணிலிருந்து தரையின் எந்தத் துண்டு தெரிய வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதே விளக்குகள்தான் தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள்.

அதையே நீங்கள் 200 அடிக்குச் செய்து பாருங்கள். கேட் ஒன்று (முதல் வகை) ஐஎல்எஸ்ஸுக்குப் பொதுவான அடிமட்ட வரம்பு 200 அடி, ஆர்விஆர் 550 மீட்டர். மூன்று பாகை சரிவில் 200 அடியில் இருக்கும்போது ஓடுபாதை முனை உங்களுக்கு முன்னால் ஏறக்குறைய 870 மீட்டரில் இருக்கும். முழு அப்ரோச் விளக்கு வரிசையின் நீளம் 900 மீட்டர், முப்பது மீட்டருக்கு ஒன்று. ஆக, அந்த வரிசையின் ஆரம்பத்தைத்தான் அப்போது தாண்டுகிறீர்கள். மூக்குக்குக் கீழே ஒரு 200 மீட்டர் மறைந்துபோகும் (விமானத்துக்கு விமானம் மாறும், இருக்கையின் உயரத்தாலும் மாறும்). மிச்சம் 350 மீட்டர் சொச்சம். பதினொன்றோ பன்னிரண்டோ விளக்கு வரிசை. முனையிலிருந்து 300 மீட்டரில் உள்ள குறுக்குப் பட்டைகூட அப்போது வந்தும் வராமலும் இருக்கும். ஓடுபாதை தெரியவே தெரியாது! 550-ஐப் போட்டுவிட்டு 200 அடியில் ஓடுபாதையும் வெள்ளைக் கோடுகளும் உங்களுக்குத் தெரிகிறதென்றால், சிம் 550 என்று சொல்கிறதே தவிர 550 தரவில்லை. சிமைப் பாஸ் பண்ணி நிறுத்திவைத்துவிட்டு நிதானமாக எண்ணுங்கள்.

கடைசியாக மானிட்டர். டிவியை மானிட்டராக வைத்திருந்தால் விவிட் மோடை அணைத்துவிடுங்கள். அது சாம்பல் நிறத்தைப் பிடித்து நீலமாகவும் வெள்ளையாகவும் பிரித்துக் காட்டும். நீங்கள் உள்ளே என்ன அமைத்தாலும் வீண்.


பழைய_லேப்டாப் எழுதியது:

காசில்லாதவர்கள் சார்பாக ஒரு குரல். நான் லினக்ஸில் ஃப்ளைட்கியர் என்ற இலவச சிம் ஓட்டுகிறேன். அதில் வானிலைப் பக்கத்துக்குப் போனால் கேட் ஒன்று, கேட் இரண்டு, கேட் மூன்று பி அடிமட்டம் என்று தயாராகவே காட்சிகள் இருக்கின்றன. அதிகாலை மூடுபனி என்றும் ஒன்று இருக்கிறது. அதெல்லாம் வேண்டாமென்றால் மெட்டார் வரியை நாமே தட்டச்சு செய்து கொடுக்கலாம். அண்ணன் மேலே சொன்ன சென்னை வரியை அப்படியே போட்டுப் பார்த்தேன், எல்லா அடுக்கும் அதன் இடத்தில் வந்தது. பேசிக் வெதரை விட்டுவிட்டு டீடெய்ல்டு வெதரைத் தேர்வு செய்தால்தான் மேகம் மேகமாக இருக்கும், இல்லையென்றால் மேலே ஒரே மாதிரி ஒட்டுப்போட்டது போல வரும்.

அழகில் எக்ஸ்-ப்ளேனுக்கு இணை வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூடுபனிக்குள் பார்ப்பதற்கே எதுவும் இல்லாதபோது அழகு எதற்கு? என் பழைய மெஷினில் மிக வேகமாக ஓடுவதே கேட் மூன்று நாள்தான்.


முனீர்க்கா_வாசி எழுதியது:

நான் டெல்லியில் இருக்கிறேன், இங்கே ஜனவரி வந்தால் வேறு கதை. ஐஓஎஸ் அண்ணன் சொன்ன மூன்று அடுக்கு முறையை டெல்லிக்குப் போட்டுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

இங்கே வருவது தரை குளிர்ந்து உருவாகும் பனி. மேலே மேகமே இருக்காது. இரவு வானம் தெளிவாக, காற்று அசையாமல், வெப்பமும் டியூ பாயிண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். ஆறுக்கு ஆறு, ஏழுக்கு ஏழு என்று. சிமில் பனியைப் போட்டுவிட்டு 15 நாட் காற்றையும் விட்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தக் காற்றுக்கு இந்தப் பனி நிற்காது. பனியின் உச்சி பெரும்பாலும் சில நூறு அடிதான். மேலிருந்து பார்த்தால் சூரியன் பளிச்சென்று இருக்கும், கீழே வெள்ளைத் தளம், அதில் உயரமான கட்டடங்கள் தலையை மட்டும் நீட்டும்.

எம்எஸ்எஃப்எஸ்ஸில் இதற்கு மேக அடுக்கையே தரையில் இறக்கிவிடுவேன். அடிப்பகுதி தரைமட்டம், உச்சி 300 அடி, கவரேஜ் 100, டென்சிட்டியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, விளக்கு எண்ணி நிறுத்துவேன். இங்கே ஒரு பொறி இருக்கிறது. உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும்படி விட்டிருந்தால் 300 அடி உச்சி மேகம் பூமிக்கு அடியில் போய்விடும், ஏனென்றால் டெல்லி விமான நிலையமே 777 அடி உயரத்தில் இருக்கிறது. "பனி வரமாட்டேன் என்கிறது" என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேருக்குக் காரணம் இதுதான். தரைமட்டக் கணக்குக்கு மாற்றுங்கள். சென்னை 52 அடிதான், அதனால் உங்களுக்கு இது தெரிந்திருக்காது.

மெல்லிய பனியில் இன்னொரு விஷயம். மேலிருந்து நேராகக் கீழே பார்த்தால் ஓடுபாதை முழுக்கத் தெரியும். 300 அடி கனம்தானே, கண் ஊடுருவிவிடும். இறங்கி அதற்குள் நுழைந்ததும் இப்போது அதே பனியின் ஊடாகக் கிடையாகப் பார்க்கிறீர்கள், எதுவும் தெரியாது. நிஜ விமானிகளைச் சிரமப்படுத்துவதும் இதுதான். உங்கள் சிமில் இது நடந்தால் அடுக்கு சரியாக அமைந்திருக்கிறது என்று அர்த்தம். டெல்லியில் கேட் மூன்று பி இருப்பதால் ஆர்விஆர் 50 மீட்டர் வரை இறங்கலாம். 50 மீட்டர் என்றால் அண்ணன் கணக்குப்படி ஒரு ஓர விளக்குகூட முழுதாக வராது.

சென்னைக்காரர்களுக்கு: போகிப் புகையை யாராவது முயன்றிருக்கிறீர்களா? 2018 ஜனவரி 13 காலை ஞாபகம் இருக்கும், புகையும் பனியும் சேர்ந்து விமானங்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.


ஐஓஎஸ்_ஆபரேட்டர் எழுதியது:

777 அடி விஷயம் அருமை, அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

போகிக்கு மேக அடுக்கே வேண்டாம். எல்லா அடுக்கையும் நீக்கிவிட்டு, காற்றைப் பூஜ்யமாக்கி, விசிபிலிட்டியை மட்டும் 300, 400-க்கு இறக்குங்கள். எம்எஸ்எஃப்எஸ்ஸில் ஏரோசாலை ஏற்றுங்கள். சூரியன் உதித்து அரை மணி நேரம் கழித்த நேரத்தை வையுங்கள். வடிவம் வந்துவிடும். அந்தப் பழுப்பு நிறம் மட்டும் நான் பார்த்த எந்த வீட்டு சிமிலும் மனசுக்கு நிறைவாக வந்ததில்லை. சிம் எழுதுகிறவர்கள் பனியைப் பார்த்திருக்கிறார்கள், டயர் கொளுத்திப் பார்த்ததில்லை போலிருக்கிறது.


குரோம்பேட்டை_கேப்டன் எழுதியது:

அண்ணா, நேற்று ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்தேன். நிழல் சோதனையில் முதலில் தோல்வி, மேல் அடுக்கை 20,000-இலிருந்து இன்னும் ஏற்றியபிறகு நிழல் போயிற்று. போனதும் ஊரின் நிறமே மாறிவிட்டது. ஓடுபாதை ஈரமாகக் கறுத்து, காக்பிட்டுக்குள் இருள் வந்து, டிஸ்ப்ளே வெளிச்சம் முகத்தில் அடிக்கிற அளவுக்கு. இதற்காகத்தான் இத்தனை நாளாக மேகத்தை நோண்டிக்கொண்டிருந்தேனா என்று இருந்தது.

இறங்கும்போது 1,500 அடிக்குக் கீழே வந்ததும் நேர் கீழே வீடுகள் தெரிந்தன, முன்னால் எதுவும் இல்லை. 900 அடி சுமாரில் ஒரு கிழிசல் குறுக்கே போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மறுபடி விட்டது. விளக்குகள் தெரிந்தபோது கிட்டத்தட்ட 700 அடி. மாடியிலிருந்து பார்க்கிற அதே சாம்பல்.

இரண்டு சந்தேகம். ஒன்று, இரவில் மட்டும் பழைய அமைப்பே ஏன் நன்றாக இருந்தது? இரண்டு, எக்ஸ்-ப்ளேனில் 550 மீட்டர் போட்டு 200 அடியில் பாஸ் செய்து எண்ணினேன், பதினைந்து பதினாறு வரிசை தெரிகிறது. பன்னிரண்டுக்கு மேல் தெரியக் கூடாது என்றீர்களே?


ஐஓஎஸ்_ஆபரேட்டர் எழுதியது:

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான், விளக்கு.

நீங்கள் ஸ்லைடரில் போடுவது வானிலை விசிபிலிட்டி. பகலில் ஒரு கறுப்புப் பொருள் எவ்வளவு தூரம் தெரியும் என்கிற கணக்கு. ஆர்விஆர் என்பது ஓடுபாதையின் குறியும் விளக்கும் எவ்வளவு தூரம் தெரியும் என்கிற கணக்கு. பளீர் விளக்கு அதே பனியில் கட்டடத்தைவிட அதிகத் தூரம் போகும். ஆர்விஆர் கிடைக்காதபோது விமானிகள் மாற்று அட்டவணை ஒன்றைப் பயன்படுத்துவார்கள். அதிக வெளிச்ச விளக்கு உள்ள ஓடுபாதைக்கு விசிபிலிட்டியைப் பகலில் 1.5-ஆலும் இரவில் 2-ஆலும் பெருக்க வேண்டும். ஆக, ஆர்விஆர் 550 வேண்டுமானால் பகலில் ஸ்லைடரை 370 பக்கம் வையுங்கள், இரவில் 275 பக்கம். அப்புறம் எண்ணிப் பார்த்து முன்னே பின்னே நகர்த்துங்கள். எண்ணிக்கை சொல்வதுதான் தீர்ப்பு, ஸ்லைடர் சொல்வது இல்லை.

இரவில் பழைய அமைப்பு நன்றாகத் தெரிந்ததும் இதனால்தான். இரவில் வானத்திலிருந்து வெளிச்சமே வராததால் உங்கள் மெல்லிய மேகத்தைக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. விளக்குகள் மட்டும் மங்கலிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன, அதை எக்ஸ்-ப்ளேன் நன்றாகவே செய்கிறது.

07-க்கு முடிவெடுக்கும் உயரத்தைச் சார்ட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தரையே கடல் மட்டத்துக்கு மேல் 52 அடி என்பதால் ஆல்டிமீட்டரில் (உயரமானியில்) 200-ஐ எதிர்பார்த்து உட்காரக் கூடாது, 250-ஐ ஒட்டி வரும். அழுத்தத்தை 1013-இலேயே விட்டுவிட்டு 1008 நாளில் இறங்கினால் நிஜத்தில் இருப்பதைவிட ஆல்டிமீட்டர் ஏறக்குறைய 140 அடி அதிகமாகக் காட்டும். 200 அடி விளையாட்டில் 140 அடி பெரிய தொகை.

இன்னொன்று செய்து பாருங்கள். அடுத்த தடவை விசிபிலிட்டியை நீங்கள் வைக்காதீர்கள். வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, 300-க்கும் 1,500-க்கும் நடுவில் இஷ்டப்பட்டதை வைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி உட்காருங்கள். பயிற்சி நிலையத்தில் இன்ஸ்ட்ரக்டர்கள் பின்னால் உட்கார்ந்து இதைத்தான் செய்வார்கள், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.


குரோம்பேட்டை_கேப்டன் எழுதியது:

அக்காவைக் கூப்பிட்டேன். 300-க்குக் கீழே போகாதே என்று சொல்லித்தான் உட்கார வைத்தேன். 150 வைத்திருக்கிறாள். 250 அடியில் ஒரு விளக்குகூட வரவில்லை, கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலே ஏறினேன்). இரண்டாவது தடவையும் கோ-அரவுண்ட். மூன்றாவது தடவை இறங்கிவிட்டேன், அது 1,400-ஆம். இப்போது அவளே சாயந்திரம் வந்து "இன்னைக்கு என்ன வானிலை வைக்கட்டும்" என்று கேட்கிறாள்.

கீழ் அடுக்கை 600-க்கு இறக்கினால் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.